ரெகுலேட்டர்: சீராக்கியா, ஒழுங்கியா?

போன தடவை நீடாமங்கலம் போயிருந்தப்ப திண்ணையில லேப்டாப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், பெரியப்பா வந்து என்னடா லீவுலயும் வேலையான்னாரு, ரெகுலேட்டருக்கு செட்டிங் போட்டுக்கிட்டு இருக்கேன் பெரியப்பான்னேன், உடனே "எந்த தலைப்புல, மூணாறா?"ன்னு கேட்டாரு. சிரிச்சுட்டேன். ஆனா அவரு கேட்டதுல தப்பே இல்ல.

டெல்டாவுல ரெகுலேட்டர்னா ஆத்துல தண்ணிய அளந்து விடுற மதகுதான், அது இருக்கற எடத்தத்தான் தலைப்புன்னுவாங்க. மூணாறு தலைப்புல வெண்ணாறு வந்து கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறுன்னு மூணா பிரியுது, ஷட்டர ஏத்தி இறக்கி எதுக்கு எவ்வளவுன்னு லஸ்கர், அதாவது மதகு பாத்துக்கற ஊழியர், விடுவாரு. நான் தட்டிக்கிட்டு இருந்தது ஆர்கே808னு ஒரு பிஎம்ஐசி, அதாவது மின்சாரத்த மேலாண்மை பண்ற சில்லு, விரல் நகம் சைஸ்தான் இருக்கும். அதுக்குள்ள 4 பக் கன்வெர்ட்டர், 8 எல்டிஓ, ரெண்டுமே வோல்டேஜ இறக்கிக் குடுக்கற ரெகுலேட்டர் வகைதான். ஒரு பக்கம் 5 வோல்ட் வந்தா பிராசஸருக்கு 1 வோல்ட் கிட்ட, மெமரிக்கு ஒரு அளவு, சென்சாருக்கு 3.3னு பிரிச்சு விடும். எல்டிஓ மிச்ச வோல்ட்ட சூடாக்கித்தான் தீர்க்கும், 5ல இருந்து 1.8க்கு இறக்கி அரை ஆம்பியர் எடுத்தா 1.6 வாட் சும்மா சூடாவே போயிடும், பக்ல அவ்வளவு வீணாகாது, அதனாலதான் பெரிய லோடுக்கெல்லாம் பக்.

சொல்லுக்கு வருவோம். லத்தீன்ல ரெகுலான்னா நேரான குச்சி, கோடு போடுற கோல். அதுல இருந்துதான் ரூல், ரெகுலர், ரெகுலேட்டர் எல்லாம். சர்க்யூட்ல சப்ளை போற பாதைய 3.3 வோல்ட் ரெயில்னு சொல்றோம்ல, அந்த ரெயிலும் இதே ரெகுலாதான், பிரெஞ்சு வழியா சுத்தி வந்துது. நம்மகிட்டயும் பாருங்க, வளையாத கோல் செங்கோல், வளைஞ்சா கொடுங்கோல். ஆட்சிய குச்சிய வச்சு அளக்குற புத்தி ரெண்டு ஊர்லயும் இருந்திருக்கு.

தமிழ்ல வோல்டேஜ் ரெகுலேட்டருக்கு மின்னழுத்தச் சீராக்கின்னு பரவலா எழுதுறாங்க. எனக்கு அது முழுசா ஒட்டல. சீராக்கின்னா மேடு பள்ளத்த சமன் பண்றது, அந்த வேலைய ஒரு கெப்பாசிட்டரே ஓரளவு செஞ்சிடும். ரெகுலேட்டர் பண்றது வேற, வெளிய போற அளவ அளந்து பாக்குது, உள்ள வச்சிருக்கற ஒரு ரெஃபரன்ஸ் வோல்டேஜோட ஒப்பிடுது, கொறஞ்சா தொறக்குது கூடுனா மூடுது, சொன்னா மொத்தமாவும் நிறுத்துது. செவுத்துல பெயிண்ட் அடிச்ச அளவுகோலப் பாத்துக்கிட்டே ஷட்டர் சுத்துற லஸ்கர் வேலைதான். (வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் அளந்தெல்லாம் பாக்காது, அது பேருக்குத்தான் ரெகுலேட்டர். கேஸ் சிலிண்டர்ல இருக்கறது அசல்.)

ஆத்து ரெகுலேட்டருக்கு அரசு அறிக்கையில, பேப்பர்ல ஏற்கனவே நீரொழுங்கின்னு ஒரு அழகான சொல் இருக்கு. ஒழுங்குக்கும் ஒழுகறதுக்கும் வேர் ஒண்ணு, ஒழுக்கமும் அந்தக் குடும்பம்தான், அப்ப ஓட்டம்ங்கற பொருள் சொல்லுக்குள்ளயே ஊறிக் கெடக்கு. அதனால மின்னழுத்த ஒழுங்கின்னு சொல்லலாம்ங்கறது என் கட்சி. சுருக்கமா ஒழுங்கி.

சரி, இந்த ஒழுங்கிய போர்டுல ஓடுற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்கிட்ட எப்படி சொல்றதுன்னா, போர்டுல என்னென்ன இருக்குன்னு பட்டியல் போடுற டிவைஸ் ட்ரீ ஃபைல்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு நோடு, அதாவது ஒரு பகுதி, எழுதணும். ரெகுலேட்டர்-மின்-மைக்ரோவோல்ட், ரெகுலேட்டர்-மேக்ஸ்-மைக்ரோவோல்ட்னு ரெண்டு வரி, அந்த மின் நம்ம மின்சாரத்து மின் இல்ல, மினிமம்ல வர்றது. கணக்கு மைக்ரோவோல்ட்ல, 1.8 வோல்ட்னா 1800000, ஒரு சைபர் கூடக்குறைய போட்டா போச்சு. ரெண்டுலயும் ஒரே எண்ண குடுத்தா அளவு அசையாது, பிராசஸருக்கு மட்டும் 750000ல இருந்து 1350000 வரைக்கும் இடம் விட்டிருந்தேன், வேகத்துக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கிக்கட்டும்னு.

அப்புறம் ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன்னு ஒரு வரி, இத எப்பவும் அணைக்காதேன்னு அர்த்தம். இதுக்கு மதிப்பே கிடையாது, வரி இருந்தா ஆமா, இல்லன்னா இல்ல, அவ்வளவுதான். இத விட்டதாலதான் ஒரு நாள் முழுக்க வீணாப்போச்சு எனக்கு. வயல் ஈரம் பாக்குற சென்சார் போர்டு, ஆன் பண்ணா அருமையா ரீடிங் வரும், அரை நிமிஷத்துல செத்துடும். சால்டரிங்கா இருக்கும்னு ரெண்டு தடவை சூடு வச்சேன், ஒயர மாத்துனேன், மல்டிமீட்டர வச்சுப் பாத்தா 3.3 வர வேண்டிய எடத்துல சைபர். கடைசில லினக்ஸ் தான் செய்யறத எழுதிக் காட்டுற கன்சோல் லாக்ல டிசேபிளிங்னு அந்த எல்டிஓ பேரோட ஒரு வரி நிக்கிது! இப்ப வர்ற கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, பூட் ஆகி 30 செகண்டு கழிச்சு யாருமே உரிமை கோராத ஒழுங்கிய எல்லாம் தேடி அணைச்சிடுவான். கோர்றதுன்னா சென்சார இயக்குற டிரைவர் புரோகிராம் எனக்கு இந்த சப்ளை வேணும்னு கேட்டு வாங்குறது, ஒருத்தர் கேட்டிருந்தாக்கூட அணைக்க மாட்டான். என் டிரைவர் கேக்கவே இல்ல. ஆல்வேஸ்-ஆன் போட்டா அன்னிக்கே முடிஞ்சிருக்கும், ஆனா பேட்டரி போர்டுல அது சோம்பேறித்தனம், டிரைவர்ல சப்ளைய கேக்க வைக்கிறதுதான் முறை, நானும் பிறகு அப்படித்தான் மாத்துனேன்.

இதெல்லாம் பெரியப்பாவுக்கு நெல்லு மூட்டைய காட்டி, சொம்ப காட்டி சொல்லிப் பாத்தேன். எல்லாம் கேட்டுட்டு "தலைப்புல நீ 1.8 விடுற, சரி, கடைமடைக்கு எவ்வளவுடா போய்ச் சேருது?"ன்னாரு.

நல்ல கேள்வி. போர்டுல செம்புத் தடம் நீளமா போனா வழியிலயே கொஞ்சம் வோல்டேஜ் விழும், பிராசஸர் கிட்ட அளந்தா கொறைவாத்தான் காட்டும். அதுக்குத்தான் அளந்து பாக்குற கம்பிய ஒழுங்கி வாசல்ல கட்டாம லோடு இருக்கற கடைசி எடத்துல கொண்டு போய் கட்டுவாங்க, ரிமோட் சென்ஸ்னு பேரு. சொன்னேன். "எங்களுக்கு அப்படி ஒரு கம்பி கட்டுனா தேவல"ன்னுட்டு துண்ட ஒதறிக்கிட்டு வயலுக்குப் போயிட்டாரு.