நட்: மரை இல்லாத மரை

பாறை ஏறுகிறவர்கள் ‘ஒரு நட் போட்டேன், கயிற்றை மாட்டினேன்’ என்று பேசிக்கொள்வதைக் கேட்டால் நமக்கு போல்ட்டும் ஸ்பானரும்தான் நினைவுக்கு வரும். அவர்கள் சொல்வது வேறு. ஆனால் பிறந்த கதையைப் பார்த்தால் அதேதான்.

‘ட்ராட்’ என்கிற மரபு முறை ஏற்றத்தில் பாறையில் யாரும் முன்கூட்டியே போல்ட் அடித்து வைத்திருக்க மாட்டார்கள். முன்னால் ஏறுபவர் போகப் போக விரிசல்களில் பிடிமானம் வைத்து, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறவேண்டும். பின்னால் வருபவர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வருவார். அந்தப் பிடிமானங்களில் எளியது நட். எஃகுக் கம்பிவடத்தின் நுனியில் ஒரு சின்ன அலுமினியத் துண்டு. மேலே அகலம், கீழே ஒடுக்கம். கீழ்நோக்கி ஒடுங்குகிற விரிசலாகப் பார்த்து அதை இறக்கிவிட்டால், விழுகிற ஆளின் எடையே அதை இன்னும் இறுக்கிவிடும்.

சரி, பெயர்? பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்னுட்டு’ என்றால் ஓடுள்ள கொட்டை. போல்ட்டில் மாட்டும் துண்டுக்கு அந்தப் பெயர் ஒட்டியது பிறகுதான். அதை மலைக்குக் கொண்டுபோனவர்கள் பிரிட்டன்காரர்கள். வேல்ஸில் 1920களிலேயே சிலர் பையில் கூழாங்கல் எடுத்துப்போய் விரிசலில் சிக்கவைத்து, அதைச் சுற்றிக் கயிற்று வளையம் போட்டார்கள். பிறகு கல்லின் இடத்துக்கு இயந்திர நட் வந்தது. ஸ்னோடன் மலை ரயில் பாதையோரம் கிடந்த நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாறைக்குப் போனார்கள் என்று சொல்வார்கள். உள்ளே இருக்கும் மரை கயிற்றை அறுக்கும் என்பதால் அதை அராவி வழவழப்பாக்கிவிட்டுத்தான் கயிறு கோப்பார்கள். மரை கழன்றது நட்டுக்கா, ஆளுக்கா என்று நம்மூரில் கேட்டிருப்பார்கள்!

1961-ல் ஜான் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் பாறைக்கென்றே ஒரு நட் செய்து ‘ஏகார்ன்’ என்று பெயர் வைத்தார். ஏகார்ன் என்றால் ஓக் மரக் கொட்டை. சொல் சுற்றிக்கொண்டு தாய்வீட்டுக்கே வந்துவிட்டது. அமெரிக்காவில் ராயல் ராபின்ஸ் 1967-ல் சுத்தியலே இல்லாமல், நட்டுகளை மட்டும் வைத்து யோசெமிட்டியில் ஒரு புதுப் பாதை ஏறினார். அதன் பெயர் ‘நட்கிராக்கர்’, அதாவது பாக்குவெட்டி மாதிரி ஒரு கொட்டையுடைப்பான்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘மரை’ ஆகாது, மரையை அராவி எறிந்ததில்தான் இந்தப் பொருளே பிறந்தது. ‘கொட்டை’ என்றால் சிரிப்பார்கள். ‘அண்டை’ கிட்டத்தட்டச் சரி, வண்டிச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிறோமே, அது. ஆனால் அது உருளாமல் தடுப்பது. இங்கே வேலை இடுக்கில் இறுகுவது. வடிவத்துக்குப் பொருந்துவது ‘ஆப்பு’. ஒரே சிக்கல், தமிழில் ஆப்பை அடிப்போம். அடித்து இறக்குகிற பிட்டன் முளைக்கு மாற்றாகத்தானே நட் வந்தது! முளை பாறையைப் புண்ணாக்கும், நட் ஆக்காது. அதனால் ‘செருகாப்பு’ என்பேன். ‘செருகு’ சேர்ந்ததும் சுத்தியல் கையைவிட்டுப் போய்விடுகிறது.

முன்னால் ஏறக் கற்பவர் முதலில் தரையில் நின்றே செருகிப் பழகவேண்டும். ஆப்பின் இரு பக்கமும் பாறையில் நன்றாகப் படிந்திருக்கிறதா, சுற்றியுள்ள பாறை தட்டினால் பொள்ளலாக ஒலிக்கிறதா என்று பார்த்து, கீழ்நோக்கி ஒரு சுண்டு. அப்புறம் நீண்ட பட்டை வழியாகவே கயிற்றை மாட்டவேண்டும். நேரே மாட்டினால் மேலே ஏற ஏறக் கயிறு ஆப்பை அசைத்துத் தூக்கிவிடும். கடைசி ஆப்புக்கு மேலே 2 மீட்டரில் கை நழுவினால் குறைந்தது 4 மீட்டர் விழவேண்டும், அந்த ஆப்பு நின்றால்.

பின்னால் வருபவர் கொக்கி நுனியுள்ள தகட்டுக் கம்பியால் அதைக் கீழிருந்து மேலே தட்டுவார். சில சமயம் பத்து நிமிடம் தொங்கிக்கொண்டே தட்டவேண்டும். ஆப்பசைத்த குரங்கு வேலைதான், வாலுக்குப் பதில் விரல்கள் நசுங்கும்.