நாய்க்கும் பூனைக்கும் மருத்துவம் பார்ப்பவர் யார்?

இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், பாம்பன் பகுதிகளில் நாயும் பூனையும் வளர்க்கும் வீடுகள் பெருகிய வேகத்தில், அவற்றுக்கு வைத்தியம் பார்ப்பவர் என்ன படித்தவர் என்று விசாரிக்கும் வழக்கம் பெருகவில்லை. ஊசி போடத் தெரிந்தவர் எல்லாம் இங்கே 'டாக்டர்'தான். கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும், குட்டி விற்றவரே போட்டுவிட்ட தடுப்பூசியும் கைவிட்ட பிறகுதான் பல பிராணிகள் எங்கள் மேசைக்கு வந்து சேருகின்றன. சிறு பிராணிகளுக்கான மருத்துவமனையில் பணியாற்றுபவன் என்ற முறையில், அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. யாரிடம் போகிறோம் என்பது தெரிந்தால், எப்போது போக வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். நம் மாவட்டத்தில் அதற்கான கல்லூரி இல்லாததால், இங்குள்ள பிள்ளைகள் திருநெல்வேலி, ஒரத்தநாடு, நாமக்கல் என்று விடுதிகளில் தங்கியோ, 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கல்லூரியில் வேப்பேரிக்குப் போய்ச் சேர்ந்தோதான் படித்துத் திரும்புகிறார்கள். அதன் பிறகும், மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பெயரைப் பதிவு செய்யாமல் எவரும் மருத்துவம் பார்க்க 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. கால்நடை ஆய்வாளர் போன்றோர் சிறு உதவிகளைச் செய்யலாம். அதுவும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில்தான்.

'மாட்டுக்குப் பார்ப்பவருக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்?' என்று முகத்துக்கு நேரே கேட்பவர்கள் உண்டு. மாடு, ஆடு, குதிரை, பன்றி, கோழி, நாய் என்று பல உடல்களை அருகருகே வைத்துப் படிப்பதுதான் எங்கள் படிப்பின் பலம் என்பதை அவர்களுக்கு விளக்குவது எளிதன்று. ஓர் உடலுக்கு மருந்தாவது இன்னோர் உடலுக்கு நஞ்சாகும் என்பது எங்களுக்கு முதலில் உறைக்கும் பாடங்களுள் ஒன்று. காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு; ஒரே மாத்திரையில் இரத்தச் சிவப்பணுக்கள் கெட்டு, ஈறுகள் பழுப்பேறி, பூனை மூச்சுக்குத் தவிக்கத் தொடங்கிவிடும். வீட்டில் மிஞ்சிய வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்தால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். 'குழந்தைக்குக் கொடுக்கிற அளவில் பாதிதான் கொடுத்தோம்' என்ற சமாதானம் உடலின் வேதியியலுக்குப் புரியாது.

படிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும், அதற்கு முன் கண்ட வாழ்க்கை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. எங்களுடன் பணிபுரியும் ஒருவர் கீதாரிக் குடும்பத்தில் பிறந்தவர். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவதற்காக ஆடுகளை ஓட்டிக்கொண்டு மாவட்டம் விட்டு மாவட்டம் நடந்த குடும்பம் அது. நாயை மேசையில் ஏற்றுவதற்கு முன்பே, அது நடந்து வரும் தோரணையையும் விலா ஏறி இறங்கும் வேகத்தையும் பார்த்துப் பாதி முடிவுக்கு வந்துவிடுவார். ஆய்வகத்து அறிக்கையை அவர் மதிக்காமலில்லை. எந்தச் சோதனைக்கு எழுதுவது என்பதைக் கண்ணை வைத்துத் தீர்மானிக்கிறார், அவ்வளவுதான். நானோ ஊருக்குள் வளர்ந்து, கல்லூரிக்குப் போன பிறகே முதன்முதலாக ஒரு கன்றின் கழுத்தைப் பிடித்தவன். அந்தக் கண் எனக்கு வாய்க்காததால் புத்தகத்தையும் கருவிகளையும் கூடுதலாக நம்புகிறேன்.

இன்னொரு சகா, கடற்கரைக் கிராமத்து மீனவர் வீட்டுப் பெண். எங்களிடம் வரும் நோயாளிகளுள் கடற்கரைக்கே உரிய ஒரு வகை உண்டு: இரை கோத்த தூண்டில் முள்ளை விழுங்கிய நாய்கள். வாயோரத்தில் தங்கூஸ் நரம்பு (தூண்டிலின் நைலான் இழை) தொங்க, எச்சில் வடியத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நரம்பை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தே, எந்த மீனுக்குப் போட்ட தூண்டில், முள் ஏறக்குறைய என்ன அளவிருக்கும் என்று அவர் சொல்லிவிடுவார். எக்ஸ்ரே அதை உறுதி செய்யும். இத்தகைய வேளையில் வளர்ப்பவர் செய்யும் பெருந்தவறு நரம்பைப் பிடித்து இழுப்பது. உதட்டில் தைத்த முள்ளானால், மயக்கம் கொடுத்து, கொக்கி முனையை மறுபக்கமாகத் தள்ளி, அதை வெட்டிய பிறகு உருவிவிடலாம். உணவுக்குழாயில் தைத்த முள்ளை வெளியிலிருந்து இழுத்தால் குழாயே கிழியும். நரம்பை வாயோடு ஒட்ட நறுக்கிவிடுவதும் கூடாது. உள்ளே இருக்கும் முள்ளை அடைய எங்களுக்கு அந்த நரம்பே வழிகாட்டி. தொங்கும் முனையைக் கழுத்துப்பட்டையில் கட்டி, தின்னவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல் நேரே கொண்டு வர வேண்டும்.

வலையிலிருந்து கழித்துக் கரையில் வீசப்படும் பேத்தை மீனும் அப்படியொரு ஆபத்து. அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு, காய்ந்தாலும் வெந்தாலும் எளிதில் அழியாது. தின்ற நாய் வாந்தியெடுக்கும், பின்னங்கால்கள் துவளும், பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். முறிமருந்து கிடையாது, நஞ்சு இறங்கும் வரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பது ஒன்றே சிகிச்சை. ஆகவே கடற்கரையில் நாயை அவிழ்த்துவிட்டு நடப்பவர்கள் அதன் வாயின் மேல் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

எங்கள் தொழிலில் நாங்கள் மிகவும் அஞ்சும் வாக்கியம், 'டாக்டர், தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு, கையை விட்டுப் பாத்தோம், ஒண்ணும் தட்டுப்படல' என்பதாகும். கீழ்த்தாடை தொங்கி, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகி, குரைப்பொலியும் மாறியிருந்தால், அது எலும்பாக இல்லாமல் வெறிநோயின் முடக்கு வகையாக இருக்கக்கூடும். வெறிபிடித்த நாய் என்றால் கண்டவரையெல்லாம் கடிக்கும் என்று மட்டுமே பலர் எண்ணுகிறார்கள். சாதுவாக மூலையில் கிடந்து சாகும் நாயும் அதே வைரஸைத்தான் எச்சிலில் சுமக்கிறது. அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து பிழைப்பது ஏறத்தாழ நடவாத காரியம். இதன் பொருட்டே நாங்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்கிறோம். அப்படியிருந்தும் கடியோ கீறலோ பட்டால் அன்றும், அதிலிருந்து மூன்று நாள் கழித்தும் மீண்டும் போட்டுக்கொள்கிறோம். முன்பு போட்டுக்கொள்ளாத வீட்டாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலைத் துளைத்த கடியானால் தடுப்பூசியுடன், வைரஸை உடனே எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது சரிதான். ஆனால் அது சாகிறதா என்று பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்கவே கூடாது. காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வருபவர்களை இன்றைக்கும் பார்க்கிறோம்.

பிராணி பேசாது என்பது தெரிந்ததே. எனக்குச் சிரமமாக இருப்பது வளர்ப்பவர் மறைப்பது. மாத்திரை கொடுத்ததைச் சொன்னால் திட்டுவார்கள் என்ற கூச்சம், செலவைப் பற்றிய கவலை, பக்கத்து வீட்டாரிடம் கொண்ட சண்டையில் நஞ்சு வைத்திருப்பார்களோ என்ற ஐயத்தை வெளியே சொல்லத் தயக்கம் ஆகிய எல்லாம் எங்களுக்குப் புரிகின்றன. பணம் குறைவென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடலாம். எந்தச் சோதனை கட்டாயம், எது பிறகு செய்தால் போதும் என்று பிரித்துச் சொல்வதும் எங்கள் வேலையில் அடக்கம். மீட்கவே முடியாத வலியில் கிடக்கும் பிராணியை மயக்க மருந்தால் அமைதியாகப் போகவிடும் முடிவை வீட்டாரோடு சேர்ந்து எடுப்பவர்களும் நாங்களே. அந்த அறையிலிருந்து வெளியே வந்த உடனே அடுத்த வீட்டுக் குட்டியின் முதல் தடுப்பூசிக்குச் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு எந்தக் கல்லூரியும் தனியாகப் பயிற்சி தருவதாக நான் அறியேன்.

தடுப்பூசி அட்டையில் மருத்துவரின் கையெழுத்தோடு அவருடைய பதிவு எண்ணும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கேட்பது அவமதிப்பு ஆகாது. மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் கொண்ட ஒட்டுச்சீட்டு அந்த அட்டையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது அட்டையையும், ஏற்கெனவே கொடுத்த மாத்திரையின் உறையையும், வாந்தியோ கழிச்சலோ இருந்தால் கைப்பேசியில் எடுத்த அதன் படத்தையும் கொண்டு வாருங்கள்.