கொள்கை என்றால் மானியம் மட்டுமா?

கலாசாரக் கொள்கை பற்றிப் பேச பினாங்கில் எந்தத் தமிழ்ச் சங்கம் அழைத்தாலும், ஐந்தே நிமிடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "தீபாவளி கலைநிகழ்ச்சிக்கு எவ்வளவு மானியம் கிடைக்கும், சார்?"

சென்ற மாதம் ஓர் உறுமி மேளக் குழுவின் மானிய விண்ணப்பக் கோப்பு என்னிடம் வந்தது. சிறப்பு மலர்கள், பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தும் படங்கள், நெகிழிப் பையில் கசங்கிய ரசீதுகள். 'நோக்கம்' என்ற கட்டத்தில் ஒரே வரி: நம் பண்பாட்டை வளர்ப்பது. வாசிப்பவர் யார், யாரிடம் கற்றார், எந்தத் தோட்டத்துக் கோயிலில் அந்த மேள அடி வழங்கி வந்தது என்று ஒரு சொல் இல்லை. இப்படி எத்தனை கோப்புகளைத்தான் பார்ப்பது?

மானியம் கடைசியில் வருவது. எது கலை, யாருடைய கலை நாட்டின் கலை, அதை யார் முடிவு செய்வது என்பதெல்லாம் அதற்கு வெகு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அந்தத் தீர்மானத்தின் பெயர்தான் கொள்கை. பிரிட்டனில் பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் முன்னின்று உருவாக்கிய கலை மன்றம் 1946-இல் வந்தது. பணம் அரசினுடையது, யாருக்கு என்பது மன்றத்தின் முடிவு. பிரான்ஸ் 1959-இல் இதற்கென ஓர் அமைச்சையே நிறுவி எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோவிடம் ஒப்படைத்தது. அங்கே அரசே முடிவு செய்கிறது. அமெரிக்காவில் 1965-இல் தேசியக் கலை நிதியம் தோன்றியபோதும், நன்கொடைக்குத் தரும் வரிச் சலுகையே பெரிய ஆதரவு. அதனால் கொடையாளரின் விருப்பத்துக்கு அங்கே எடை அதிகம். பணம் மூன்று நாட்டிலும் உண்டு. முடிவெடுப்பவர்தான் வேறு.

இங்கே மலேசியாவில், 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியக் கலாசார மாநாடு மூன்று கோட்பாடுகளைத் தந்தது: இவ்வட்டாரப் பூர்வீக மக்களின் பண்பாடே அடிப்படை, பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம், இஸ்லாம் முக்கிய அங்கம். நம் உறுமிக்கு இடம் அந்த இரண்டாவது கோட்பாட்டில்தான். பொருத்தம் பார்ப்பது யார்? 1983-இல் சீன அமைப்புகளும் 1984-இல் இந்திய அமைப்புகளும் இந்தக் கொள்கை குறித்து மனு கொடுத்தன. அந்த மனுவைப் படித்த சங்கச் செயலாளர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. 2021-இல் புதிய தேசியக் கலாசாரக் கொள்கையும் வந்துவிட்டது. அதையாவது படியுங்கள்.

மானியம் கேட்பது தவறன்று, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்குக் காலத்தோடு அனுப்புங்கள். கணக்கைப் பையில் திணிக்காமல் ஏட்டில் எழுதுங்கள். கொள்கை பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டங்களுக்கு மாலை வாங்கிக்கொள்பவரை அனுப்பாமல், விவரம் தெரிந்தவரை அனுப்புங்கள். சொல்ல வேண்டியதை மலாயில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடங்களுக்கு மட்டுமானதன்று. கலையையும், அதைக் காத்துவரும் உயிரோடிருக்கும் கலைஞரையும் தேசிய மரபுடைமையாக்க யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். உங்கள் குழுவின் மூத்த வாத்தியாரை உட்காரவைத்து, ஒவ்வோர் அடியையும் அதன் பெயரோடு பதிவு செய்யுங்கள், தயவுசெய்து, இந்த மாதமே.