கறிவேப்பிலைக்கு ஒரு பச்சை வீடு

ரொறொன்ரோவில் இருக்கும் தம்பி, வீட்டுப் பின்வளவில் வருசம் முழுக்கப் பயிர் செய்ய, கண்ணாடியோ ஒளி புகும் தகடோ போட்டு மூடிய ஒரு பச்சை வீடு கட்டப்போகிறானாம். முதலில் வைக்கப்போவது கறிவேப்பிலை. திருகோணமலையில் அம்மா உடனே கேட்டார்: "அங்க ஆழமாத் தோண்டினா கன்னியா மாதிரிச் சுடுதண்ணி வராதோ?"

பாதி சரியான கேள்விதான். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் ஊறுவது, நிலத்தின் அடியாழத்தில் சூடேறி மேலே வரும் நீர். தம்பியின் வளவில் அது கிடைக்காது. ஆனால் அங்கே சில மீற்றர் கீழே போனால் மண் எப்போதும் 10 பாகையை ஒட்டியே இருக்கும். அது கோடை வெயில் மெல்ல இறங்கித் தங்கிய சூடு. வெளியே சைபருக்குக் கீழே 15 பாகை என்றால் அந்த 10 பாகையே பெரிய கொடை. அதனால்தான் தரையைக் கொஞ்சம் பதித்துக் கட்டி, ஓரத்தைச் சுற்றி ஒரு மீற்றருக்கு மேல் ஆழத்துக்கு ரெஜிபோம் (சூட்டைக் கடத்தாத நுரை) பலகை புதைக்கிறார்கள். பக்கவாட்டில் உறைகுளிர் நுழையாமல் இருக்க வேண்டுமே.

சரி, கண்ணாடி என்ன செய்கிறது? ஒளியை உள்ளே விட்டு, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரான செங்கீழ்க்கதிரை வெளியே விடாது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1909இல் றொபேட் வூட் என்ற இயற்பியலாளர் இரண்டு கறுப்பு அட்டைப் பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்குச் செங்கீழ்க்கதிரைத் தாராளமாக வெளியே விடும் கல்லுப்புத் தகடு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு, ஏறக்குறைய 55 பாகைக்குச் சூடேறின. ஆக, மூடியின் முக்கிய வேலை சூடான காற்றை எழும்பிப் போகவிடாமல் மறிப்பது. கதவிடுக்கில் ஓர் ஓட்டை விட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி போட்டும் வீண்.

பகலில் பிரச்சினை இல்லை. இரவுதான் கணக்குக் கேட்கும். கண்ணாடிக்குப் பதில் இரட்டைச் சுவர்ப் பொலிகாபனேற்று (ஒளி புகும் பிளாஸ்ரிக்) தகடு 20 சதுர மீற்றர் என்று வைப்போம். ஒரு சதுர மீற்றர், ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 3.5 வாற்று இழக்கும். உள்ளே 5 பாகை, வெளியே சைபருக்குக் கீழே 15. இழப்பு 1,400 வாற்று. மார்கழி இரவு அங்கே 15 மணித்தியாலம். மொத்தம் 21 யூனிற் (கிலோவாற்று மணி). பகல் சூட்டைச் சேமிக்க உள்ளே வைக்கும், கறுப்புப் பூசி நீர் நிரப்பிய 200 லீற்றர் பரல் ஒன்று 15 பாகையிலிருந்து 5க்கு ஆறும்போது தருவது 2.3 யூனிற்தான். ஒன்பது பரல் வேண்டும், அதுவும் பகலில் வெயில் எறித்தால்! (நீர் உறைந்தே போனால் ஒரு பரல் இன்னும் 18 யூனிற்றுக்கு மேல் விடும். பனிக்கட்டி பருக்கும், ஆகவே பரலை விளிம்புவரை நிரப்பக்கூடாது.)

என்னைக் கேட்டால் பரலைக் கூட்டுவதைவிட இழப்பைக் குறைப்பதுதான் புத்தி. சீன விவசாயிகள் வடக்குப் பக்கம் தடித்த மண் சுவர் எழுப்பி, தெற்கே மட்டும் பொலித்தீன் போட்டு, இரவில் அதன்மேல் வைக்கோல் பாயை உருட்டி இறக்குகிறார்கள். மாரியில் வடக்கிலிருந்து நேர்வெயில் வராது, பிறகு அங்கே கண்ணாடி எதற்கு? டிசம்பர் 21 நண்பகலில் திருகோணமலையில் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்கும், ரொறொன்ரோவில் 23தான். அந்தத் தாழ்ந்த வெயிலைப் பிடிக்கத் தெற்குத் தகடு தரையிலிருந்து 65 பாகை அளவில் நிமிர்ந்து நிற்க வேண்டும். பனியும் தானாகச் சறுக்கிவிடும்.

வெயில் எறித்தால் உறைகுளிரிலும் உள்ளே வெந்துவிடும் என்பது வேறு கதை. தம்பி காட்டிய காணொளியில், மின்சாரமே இல்லாமல் கூரை யன்னல் ஒன்று மெல்லத் திறந்தது. பக்கத்தில் சைக்கிள் பம் போல ஒரு சிறு உருளை. உள்ளே மெழுகு. சூட்டில் அது உருகிப் பருத்து ஒரு கம்பியைத் தள்ள, யன்னல் எழும்புகிறது. ஆறினால் சுருங்கி மூடுகிறது. அன்றைக்கு முழுக்க அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சூட்டை ஒருமாதிரிச் சமாளிக்கலாம், வெளிச்சத்தை என்ன செய்வது? பகல் 10 மணித்தியாலத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான பயிர்கள் வளர்வதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். ரொறொன்ரோவில் டிசம்பர் பகல் 9 மணித்தியாலம். அதனால் ஸ்பினாச், கேல் என்ற கீரைகள் இரண்டையும் புரட்டாசிக்குள் வளர்த்தெடுத்து, மாரி முழுக்க நின்ற நிலையில் பறிக்க வேண்டும். அவை சிறு உறைகுளிரைத் தாங்கும். கேல் குளிரில் சர்க்கரை சேர்த்து இனிக்கவும் செய்யும்.

"அப்ப கறிவேப்பிலை?" என்றார் அம்மா.

"அது சித்திரை மட்டும் சட்டியோட குசினி யன்னலடியில" என்றான் தம்பி.