கருத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பழைய நாணயங்களை மதிப்பிட்டு வாங்கி விற்பது என் தொழில். "பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது சார், புளி போட்டு நல்லா தேய்ச்சுட்டேன்" என்று பெருமையோடு பொட்டலத்தைப் பிரிப்பவர்கள் அடிக்கடி வருவார்கள். சேகரிப்பவர் தரக்கூடிய விலை அந்தத் தேய்ப்பிலேயே இறங்கியிருக்கும்.

செம்புக் காலணாவின் மேல் இருக்கும் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. பல பத்தாண்டுகளாகக் காற்றுபட்டு உருவான தோல் அது. புளியின் அமிலம் அதைத் தின்றுவிட்டால், உள்ளே செம்பின் இளஞ்சிவப்பு நிறம் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ராஜாவின் கன்னத்தில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும். ஒருமுறை பார்த்தவருக்கு அது மறக்காது. வெள்ளியும் அப்படித்தான். காற்றிலுள்ள கந்தகம் சேர்ந்துதான் கருக்கிறது. விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்த்தால் கருப்போடு கொஞ்சம் வெள்ளியும் போகும்.

அப்போ எதுவுமே செய்யக் கூடாதா? பூஜையில் வைத்த காசில் குங்குமமும் சந்தனமும் காய்ந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள். அப்புறம் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். கெட்டியான கரும்பச்சைக் களிம்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, எடுத்த இடத்திலேயே மறுபடி பூத்தால்தான் கவலை. உப்பு உள்ளே புகுந்து செம்பை அரிக்கிறது. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் படாமல் வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சரி, விலை? புழங்கித் தேய்ந்த காலணாக்களும், 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவும் ஏராளமாகக் கிடைப்பவை. பெரிதாக ஒன்றும் தேறாது. ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1918, 1919, 1920 போன்ற சாதாரண ஆண்டுகளுக்கு, தேய்ந்திருந்தால், ஏறக்குறைய வெள்ளி விலைதான். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1911 ரூபாய் வேறு கதை. ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, அடுத்த ஆண்டே அச்சை மாற்றினார்கள். அதற்குக் கூடுதல் விலை உண்டு. 1939 ரூபாய் உண்மையிலேயே அரிது, அதனாலேயே போலிகளும் அதிகம்.

வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன், வரி என்று முதலில் உங்களிடம்தான் பணம் கேட்பார்கள். இப்படி எந்தக் கட்டணமும் தாங்கள் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.