கீஃப்ரேமுக்குத் தமிழ் என்ன?

தருமபுரியில் மாலை வகுப்பில் மோஷன் கிராஃபிக்ஸ், அதாவது கணினியில் படங்களை அசைய வைக்கும் கலை, கற்றுக்கொடுக்கிறேன். பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வரும் மாணவி ஒருவர், தன் குறிப்பேட்டில் கீஃப்ரேம் என்பதற்கு நேராகச் 'சாவிச்சட்டம்' என்று எழுதியிருந்தார். எழுதிய கையோடு, "சார், இந்தச் சாவி எந்தப் பூட்டைத் திறக்கிறது?" என்றும் கேட்டார். அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு இந்தச் சொல்லைப் பற்றியே பேச வேண்டியதாயிற்று.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். ஒகேனக்கல்லில் ஒரு பரிசல் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போவதை 4 வினாடிக் காட்சியாகச் செய்கிறோம். நம் ஊர்த் தொலைக்காட்சிக் கணக்குப்படி வினாடிக்கு 25 படங்கள். இப்படி ஒவ்வொரு தனிப்படமும் ஒரு 'ஃப்ரேம்'. ஆக மொத்தம் 100. நூறையும் நாம் வரைவதில்லை. முதல் படத்தில் பரிசலை இக்கரையில் வைத்து ஒரு குறி இடுகிறோம். நூறாவது படத்தில் அக்கரையில் வைத்து இன்னொரு குறி. நடுவிலுள்ள 98 படங்களில் பரிசல் எங்கெங்கே இருக்க வேண்டும் என்பதை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்கிறது. நாம் இட்ட அந்த இரண்டு குறிகளுக்குத்தான் கீஃப்ரேம் என்று பெயர். 'இந்த நேரத்தில், இந்தப் பொருள், இந்த நிலையில் இருக்க வேண்டும்' என்ற கட்டளை அது.

இந்தச் சொல் கணினிக்கு முந்தியது. கையால் வரைந்த அமெரிக்க அனிமேஷன் கூடங்களில் பிறந்தது. அங்கே தலைமை ஓவியர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். ஒருவன் கல்லை எறிகிறான் என்றால், கை பின்னால் போன உச்சம், கல் கையை விட்டுப் போகும் கணம், கை தாழ்ந்து ஓயும் இடம். இவைதான் கீ ஓவியங்கள். இவற்றின் இடையில் வரும் ஓவியங்களை உதவியாளர்கள் வரைவார்கள். அவர்களுக்கு 'இன்பிட்வீனர்' என்று பெயர். திரைப்படத்துக்கு வினாடிக்கு 24 படங்கள் என்பதால் அந்த இடைவேலைதான் மலையளவு. 1970களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன் என்ற இருவர் அந்த இடைவேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் முறையை உருவாக்கினார்கள். அதற்காக 1997இல் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் பெற்றார்கள். 1993இல் வெளிவந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் முதல் இன்று இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் வரை, அசைவு செய்யும் மென்பொருள்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

இனி சொல்லைப் பிரிப்போம். 'கீ' என்பது பழைய ஆங்கிலத்திலேயே சாவியைக் குறித்த சொல். சாவி எதையும் திறப்பதால், 'மற்றவற்றைத் தீர்மானிப்பது' என்ற பொருளும் அதற்கு வந்து சேர்ந்தது. கீஃப்ரேமில் இருப்பது இந்த இரண்டாவது பொருள்தான். பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை. நம் 'சாவி' என்ற சொல்லோ போர்ச்சுகீசியரின் 'சாவே'யிலிருந்து வந்தது. 'தீர்மானிப்பது' என்ற பொருள் அதில் ஏறவே இல்லை. எனவே சாவிச்சட்டம் வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பாக நின்றுவிடுகிறது. 'திறவுச்சட்டகம்' என்றாலும் இதே இடறல்தான்.

'ஃப்ரேம்' இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் மரத்தை வெட்டிச் செதுக்கி வீட்டுக்குத் தயார் செய்யும் வேலையிலிருந்து அது 'சட்டம்' என்ற பொருளுக்கு வந்தது. நம் தச்சரும் கதவுக்கும் படத்துக்கும் சட்டம்தான் அடிக்கிறார். சட்டகம் என்ற சொல்லுக்கு உடல், வடிவு என்ற பொருள்களையும் பழைய அகராதிகள் தருகின்றன. ஃப்ரேமுக்குச் சட்டகம் மிகப் பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கீஃப்ரேமுக்கு அது பொருந்துமா? ஓவியரின் மேசையில் பொருந்தியது. அவருடைய கீ ஒரு முழு ஓவியம். கணினியில் அப்படி இல்லை. பரிசலின் இடத்துக்கு ஒரு வரிசைக் குறிகள், சுழற்சிக்கு வேறொரு வரிசை, அளவுக்கு இன்னொன்று, ஒளிபுகும் தன்மைக்கு மற்றொன்று. 40ஆவது படத்தில் சுழற்சிக்கு மட்டும் குறி இருக்கலாம். இடத்துக்கு அங்கே எதுவும் இராது. அப்படியானால் குறியிடப்பட்டது சட்டகம் அல்ல. ஒரு பண்பின் நிலை. 'முதன்மைச் சட்டகம்' என்று எழுதுவோர் மீது எனக்கு மதிப்பு உண்டு. என்றாலும் அந்தச் சொல்லைக் கேட்கும் மாணவர், படம் முழுவதும் அங்கே பதிவாகிறது என்று எண்ணிக்கொள்கிறார். வகுப்பில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது.

ஆகவே நான் 'நிலைக்குறி' என்று எழுதச் சொல்கிறேன். மென்பொருளில் நேரத்தைக் காட்டும் காலக்கோட்டின் மேல் நாம் இடும் குறி. அது சொல்வது ஒரு நிலையை. இன்னொரு வசதி, இரண்டு நிலைக்குறிகளுக்கு நடுவே கணினி நிரப்புவதை 'இடைநிலை' என்று சொல்லிவிடலாம். ஒன்று சொன்னால் மற்றது தானே விளங்கும்.

மாணவிக்கு இதை விளக்க நான் நடுகல்லைத்தான் துணைக்கு அழைத்தேன். எங்கள் வட்டாரத்தில் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல, போரில் மாண்ட வீரனுக்கு நட்டவை. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் அடுக்கடுக்காகச் செதுக்கிய கற்கள் உண்டு. மூன்றடுக்குக் கல்லைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் வீரன் ஆயுதத்தோடு பொருகிறான். நடுவில் தேவமகளிர் இருபுறமும் தாங்கி அவனை மேலே கொண்டு செல்கிறார்கள். உச்சியில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். அவன் விழுந்ததைச் சிற்பி செதுக்கவில்லை. வானுலகில் போய் இறங்கியதையும் செதுக்கவில்லை. மூன்று நிலைகளை மட்டும் வைத்தான். இடைநிலைகளைக் கும்பிட வந்தவர்களின் மனம் நிரப்பிக்கொண்டது. எந்த மூன்றைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் அந்தச் சிற்பியின் திறமை முழுவதும் இருக்கிறது. மென்பொருளுக்கு முன் உட்காருபவருக்கும் அதுவே வேலை. குறிகளை அள்ளித் தெளித்தால் அசைவு குலுங்கும். தேவையான இடத்தில் இடாவிட்டால் தட்டையாகிவிடும்.

இடைநிலையைக் கணிக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் 'இன்டர்போலேஷன்' என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் படித்தவர்கள் அதை 'இடைச்செருகல்' என்று ஏற்கெனவே சந்தித்திருப்பார்கள். இலக்கியத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு குற்றவாடை உண்டு. பிறர் பாட்டில் தன் வரியை நுழைப்பது. கணிதத்தில் அந்தக் குற்றம் இல்லை. அங்கே பழகிய சொல்லையே நாமும் வைத்துக்கொள்ளலாம்.

இடைச்செருகல் சீராக இருந்தால் நம் பரிசல் நூல் கட்டி இழுத்ததுபோலப் போகும். உண்மையில் அப்படியா போகிறது? துடுப்பை ஒருமுறை வலித்தால் பரிசல் விசையோடு கிளம்பி, சுழன்றுகொண்டே தணிந்து, அடுத்த துடுப்பு வீச்சுக்குக் காத்திருக்கிறது. இந்தத் தணிவைத் தருவதுதான் 'ஈஸ்'. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எஃப்9 விசையை அழுத்தினால் சாய்சதுரமாக இருந்த நிலைக்குறி உடுக்கை வடிவத்துக்கு மாறிவிடும். அந்தக் குறியை ஒட்டி வேகம் தணிகிறது என்று அதற்குப் பொருள். அடுத்த குறி வரும்வரை நிலை மாறாமல் நிற்க வேண்டுமானால் 'ஹோல்ட்'. அதன் குறி சதுரம். முன்னதைத் 'தணிவுக்குறி' என்றும் பின்னதை 'நிறுத்தக்குறி' என்றும் எழுதலாம் என்றேன். நிறுத்தக்குறி காற்புள்ளி, முற்றுப்புள்ளிகளுக்கு உரிய பெயராயிற்றே என்று மாணவி மறுத்தார். அவர் சொன்னதே சரி. 'நிற்குறி' என்று மாற்றிக்கொண்டோம்.

ஒரு எச்சரிக்கை. வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் துறையிலும் கீஃப்ரேம் உண்டு, அது வேறு. அங்கே சில படங்கள் மட்டும் முழுமையாகப் பதிவாகும். மற்றவற்றில் மாறிய பகுதிகளே பதிவாகும். செல்பேசியில் வீடியோவை விரலால் தள்ளும்போது, நாம் விட்ட இடத்தில் நிற்காமல் சற்று முன்னோ பின்னோ தாவி நிற்கிறதல்லவா, அது அப்படிப்பட்ட ஒரு முழுப்படத்தைத் தேடிப் போய் நிற்கிறது. இங்கே சட்டகம் என்ற சொல் சரியாகவே பொருந்தும். அதை 'முழுச்சட்டகம்' என்று தனியே எழுதிவிட்டால், ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் சிக்கிக் கிடக்கும் இரண்டு பொருள்களும் தமிழில் பிரிந்து நிற்கும்.