புல்லுக்கு மருந்து பழகிப்போகுமா?

"கிளைபோசேட் அடிச்சும் செம்பனை நிரையில சம்பாவ் புல்லு சாகல. மருந்து பழகிப்போச்சா?" தெலுக் இந்தானிலிருந்து வந்த கேள்வி. பொருத்தமான ஊர்தான். கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு மசியாத சம்பாவ் மலேசியாவில் முதலில் அறியப்பட்டது 1997இல், அவ்வட்டாரப் பழத்தோட்டம் ஒன்றில்.

எந்தச் செடியும் மருந்துக்குப் பழகுவதில்லை. மாறுவது கூட்டத்தின் விகிதம். 10 லட்சம் செடியில் ஒன்றுக்கு மட்டும் தற்செயலாக எதிர்ப்பு மரபணு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மருந்து மற்றவற்றில் 99 விழுக்காட்டைக் கொல்கிறது. மிஞ்சியதில் எதிர்ப்புச் செடி 10,000-க்கு ஒன்று, அடுத்த தலைமுறையில் 100-க்கு ஒன்று, மூன்றாவதில் சரிபாதி! சம்பாவ் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் தாயின் குணம் கலையாமல் இறங்கும். நிஜத்தில் வேகம் குறைவு: மண்ணில் உறங்கும் பழைய விதைகள் முளைத்து விகிதத்தைக் கீழே இழுக்கும்.

இனி, சுவையான இடம். கிளைபோசேட் செடியின் ஒரு நொதியில் போய் அடைத்துக்கொள்ளும். மூன்று அமினோ அமிலங்களின் உற்பத்தி நின்று செடி காயும். அந்த நொதியே அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான். அதன் 106ஆம் இடத்தில் புரோலின் என்ற அமிலத்துக்குப் பதில் செரின் வந்தால் மருந்தின் பிடி தளரும்: ஐந்தாறு மடங்கு எதிர்ப்பு. 102ஆம் இடத்தில் திரியோனின் ஐசோலூசினானால் பிடி அறவே விட்டுப்போகும். ஆனால் நொதி தன் மூலப்பொருளையே பிடிக்கத் திணறும். தனியாக வந்தால் அந்தச் செடி தேறாது. முதலில் 106, அதன்மேல் 102 என்ற வரிசையில் வந்தால்தான் பிழைப்பு. அப்போது எதிர்ப்பு 180 மடங்கைத் தாண்டும். மலேசியப் புல்லில் கண்ட இந்த இரட்டை மாற்றம் 2015இல் வெளியிடப்பட்டது. அதற்கு விலையும் உண்டு: மருந்தில்லா இடத்தில் அச்செடி சோனியாகவே வளரும். கிளைபோசேட்டை நிறுத்தினால் கூட்டத்தில் அச்செடி குறையும். 106 மட்டும் உள்ளதோ இழப்பின்றித் தங்கிவிடும்.

எதிர்ப்பு வெளியிலிருந்தும் வரலாம். லோரிச் சக்கரச் சேற்றில் விதை ஊர் மாறுவது மரபணு வரத்து. புது நிலத்தில் விழுந்த நாலைந்து விதை எந்த வகை என்பது வெறும் குலுக்கல்.

பம்பில் மருந்தைக் கூட்டுவது இரட்டை மாற்றத்துக்கே வழிவிடும். தெளிக்கும் பெண்களுக்கும் கேடு. மருந்துக்கு இருக்கும் பணம், புல்லை விதைத்துச் சோதிக்கும் தட்டுக்கு இல்லை என்பது என்ன பட்ஜெட்டோ!

தெளித்ததும் மழை பெய்ததா, கலங்கல் தண்ணீரா (களிமண் கிளைபோசேட்டைப் பிடித்துக்கொள்ளும்), புல் முற்றியிருந்ததா என்று முதலில் பாருங்கள். பிறகு தப்பிய புல்லின் விதையையும் மருந்தே காணாத திடல் புல்லின் விதையையும் தனித்தனித் தட்டில் விதையுங்கள். மூன்று நான்கு இலை விட்டதும் இரண்டுக்கும் ஒரே அளவு தெளியுங்கள். 21 நாளில் இரண்டும் காய்ந்தால் கோளாறு தெளிப்பில். தோட்டத்துத் தட்டு மட்டும் பச்சையாக நின்றால், கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.